தீவனத்தில் பிறக்கும் நாற்றம்

(வெள்ளி விழாவையொட்டி மங்களூரில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவார்கள். உரிமையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு முன் பேசிய அன்பர்கள் அவ்விரண்டையும் சிறப்பாகவே பேசினார்கள். நான் பேச எடுத்துக்கொண்டதோ பன்றியின் தீவனத்தையும் அதன் கழிவையும் பற்றியது. இதைக் கேட்டவுடன் முன் வரிசையில் சிலர் முகம் சுளித்ததையும், பின் வரிசையில் சிலர் சிரித்ததையும் நான் கவனிக்காமல் இல்லை. முகம் சுளித்தவர்களையும் சிரித்தவர்களையும் நான் குறை கூறமாட்டேன். அந்தச் சுளிப்புக்கும் அந்தச் சிரிப்புக்கும் காரணம் என்ன என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சென்ற மாதம் நம் இளைஞர் நால்வர் என்னிடம் வந்தார்கள். இருவர் பட்டம் பெற்றவர்கள். இருவர் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பயின்றவர்கள். பத்துப் பன்றிகளோடு ஒரு பண்ணை தொடங்க வேண்டும், அதற்குச் சங்கம் கடனுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். மறுநாள் பெரியவர் ஒருவர் வந்தார். “எழுதுகோல் பிடித்த கையில் மறுபடியும் பன்றிக் கோலைக் கொடுக்கவா 25 ஆண்டு பாடுபட்டோம்?” என்று கேட்டார். இளைஞர் கேட்டதும் நியாயம்; பெரியவர் கேட்டதும் நியாயம். கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இவ்விரு நியாயங்களுக்கும் நடுவில் நின்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் வகுப்பறையும் என் அன்னையும்

என் இளமையில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் மூன்று பன்றிகள் இருந்தன. என் அன்னையார் விடியற்காலையில் ஓட்டல்களின் பின்வாயிலுக்குச் சென்று, இலையில் மிஞ்சிய எச்சிலையும், கழுநீரையும், மீன் குடலையும் குடத்தில் சுமந்து வருவார். அதுவே பன்றிகளுக்கு உணவு. அப்பன்றிகளே எனக்குப் புத்தகம். அப்பன்றிகளே என் தங்கைக்குப் பாவாடை.

பள்ளியில் ஒரு நாள் ஆசிரியர் என்னைச் சன்னலோரக் கடைசிப் பலகைக்கு மாற்றினார். காரணம் ஏதும் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இல்லை; பக்கத்துப் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தே இருந்தது. அன்று நான் வீட்டுக்குச் சென்று மூன்று முறை குளித்தேன். நாற்றம் என் உடம்பில் இருக்கிறது, என் பிறப்பில் இருக்கிறது என்று அந்தச் சிறு வயதில் நம்பினேன். என்னைப்போல் நம்பியவர் எத்தனை ஆயிரம் பேர்! அந்த நம்பிக்கையை நம் உள்ளத்தில் ஊன்றிவிட்டால் போதும், வேறு விலங்கே தேவையில்லை என்பதை ஆதிக்கம் செய்தோர் நன்றாக அறிந்திருந்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, பணியில் சேர்ந்தபின், ஒரே பண்ணையில் இரண்டு கொட்டில்களைக் கண்டேன். ஒரே இனம், ஒரே வயது. ஒன்றில் அளந்து கலந்த தானியத் தீவனம். மற்றொன்றில் மீன் கழிவும் ஓட்டல் மிச்சமும். முதற் கொட்டிலில் நின்று உரையாட முடிந்தது. இரண்டாவதில் கண் எரிந்தது. அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது: என் வகுப்பறையில் வீசியது பன்றியின் நாற்றமும் அன்று, என் அன்னையின் நாற்றமும் அன்று. பிறர் உண்டு எறிந்த மிச்சம் அழுகிய நாற்றத்தையே நாங்கள் சுமந்திருந்தோம். இந்த ஓர் உண்மையை விளக்கவே அறிவியலைத் துணைக்கு அழைக்கிறேன்.

உண்டதில் மூன்றில் ஒரு பங்கு

தீவனத்திலுள்ள சத்துக்களுள் உடம்பை வளர்ப்பது புரதம். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். உழவர்கள் தழைச்சத்து என்று சொல்வதும் இதையே. வளரும் பன்றி தான் உண்ணும் நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தசையாக மாற்றிக்கொள்கிறது. எஞ்சிய இரண்டு பங்கு வெளியேறிவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் யூரியாவாக வெளியேறுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பன்றி நாளொன்றுக்கு 2 கிலோ தீவனம் உண்பதாகவும், அத்தீவனத்தில் 18 விழுக்காடு புரதம் இருப்பதாகவும் கொள்வோம். அது 360 கிராம் புரதம். அதாவது ஏறத்தாழ 58 கிராம் நைட்ரஜன். உடம்பில் தங்குவது 19 கிராம். வெளியேறுவது 39 கிராம். பத்துப் பன்றிகள் 100 நாளில் வெளியேற்றுவது 39 கிலோ. நாம் வயலுக்கு வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவான நைட்ரஜன். எனவே பத்துப் பன்றிகள் நூறு நாளில் ஏறத்தாழ இரண்டு மூட்டை யூரியாவுக்கு நிகரான தழைச்சத்தைக் கொட்டிலில் கொட்டுகின்றன. அது பணம். அப்பணம் காற்றில் பறக்கும்போது நமக்குக் கிடைக்கும் பற்றுச்சீட்டே நாற்றம்.

அது எப்படிப் பறக்கிறது? சிறுநீரில் உள்ள யூரியா தனியே இருக்கும்வரை பெருந்தொல்லை இல்லை. ஆனால் சாணத்திலுள்ள நுண்ணுயிரிகள் யூரியேஸ் என்னும் நொதியை உண்டாக்குகின்றன. சிறுநீரும் சாணமும் ஒன்றாகக் கலந்தவுடன் அந்நொதி யூரியாவை உடைக்கிறது. சில மணி நேரத்திலேயே அம்மோனியா கிளம்புகிறது. கண்ணை எரிப்பதும், தொண்டையைக் கரகரக்கச் செய்வதும், குட்டிகளுக்கு இருமலைக் கொண்டு வருவதும் இந்த அம்மோனியாதான்.

அம்மோனியா வேறு, முடை நாற்றம் வேறு

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். மூக்கைத் துளைக்கும் முடை நாற்றம் முழுவதும் அம்மோனியாவால் உண்டாவதன்று. காற்றுப் புகாத ஈரக் கழிவில் நுண்ணுயிரிகள் மிச்சப் புரதத்தைச் சிதைக்கும்போது வேறு பல பொருள்கள் தோன்றுகின்றன. டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் சிதைந்து இண்டோலும் ஸ்கேட்டோலும் ஆகிறது. டைரோசின் சிதைந்து பாரா கிரெசால் ஆகிறது; தொழுவத்து வீச்சம் ஆடையில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருப்பதற்கு இது முதன்மையான காரணம். கந்தகம் அடங்கிய மெத்தியோனினும் சிஸ்டினும் சிதைந்து, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடையும், அழுகிய முட்டைக்கோசு நாற்றமுடைய மெத்தேன்தயாலையும் தருகின்றன. கொழுப்பு அமிலங்கள் சில புளித்த வியர்வை வாடையைத் தருகின்றன.

இவற்றின் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: இவற்றுள் பெரும்பாலானவை, உடம்புக்குப் பயன்படாமல் மிஞ்சிய புரதத்திலிருந்து பிறந்தவை. மிச்சம் குறைந்தால் நாற்றத்திற்கு மூலப்பொருள் குறையும்.

மிச்சத்தைக் குறைப்பது எப்படி?

வீடு கட்டுகிறவனுக்குச் செங்கல்லும் வேண்டும், நிலையும் சன்னலும் வேண்டும். நிலை போதவில்லை என்பதற்காக வண்டி வண்டியாய்ச் செங்கல்லை இறக்கினால் வீடு எழும்பாது. செங்கல் தெருவில் குவியும். புரதமும் அத்தகையதே. அது பலவகை அமினோ அமிலங்களால் ஆனது. பன்றிக்கு முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்னும் அமினோ அமிலம். நம் மங்களூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் விளையும் மக்காச்சோளத்தில் லைசின் மிகக் குறைவு. விருத்தாசலம் பகுதிக்குப் பெயர் தேடித் தந்த நிலக்கடலையின் பிண்ணாக்கிலும் குறைவு. சோயாப் புரதத்தில் உள்ள லைசினில் பாதியைச் சற்றே தாண்டும். ஆகவே மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் மட்டும் கலப்பவர், லைசின் போதுமாகும்வரை பிண்ணாக்கை ஏற்றிக்கொண்டே போகிறார். எஞ்சிய அமினோ அமிலங்கள் தெருவில் குவிந்த செங்கல்லாகி, சிறுநீரில் போகின்றன. பணமும் போகிறது, நாற்றமும் சேர்கிறது.

இதற்கு மாற்று உண்டு. பிண்ணாக்கின் ஒரு பகுதியைக் குறைத்து, சிறிதளவு தனி லைசினையும், வேண்டுமாயின் மெத்தியோனின், திரியோனினையும் சேர்த்தால், 18 விழுக்காடு புரதம் செய்த வேலையை 16 விழுக்காடு செய்துவிடும். முன்பு போட்ட கணக்கையே மீண்டும் பாருங்கள். 16 விழுக்காட்டுத் தீவனத்தில் பன்றி உண்ணும் நைட்ரஜன் 51 கிராம். உடம்பில் தங்குவது அதே 19 கிராம். வெளியேறுவது 32 கிராம். ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வளர்ச்சியும் குறையவில்லை. நெதர்லாந்து நாட்டில் 1990களில் நடந்த ஆய்வுகள், புரதத்தை ஒவ்வொரு விழுக்காடு குறைக்கும்போதும் அம்மோனியா ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவதைக் காட்டின. ஆனால் அளவறிந்து செய்யவேண்டும். லைசின் சேர்க்காமல் புரதத்தை மட்டும் வெட்டினால் நாற்றத்தோடு பன்றியும் இளைத்துப்போகும்.

இரண்டாவது, வயதுக்கேற்ற தீவனம். குட்டிக்கு வேண்டிய புரதம் வளர்ந்த பன்றிக்கு வேண்டியதில்லை. வளரும் பருவத்தில் 18 என்றால் முடிவுப் பருவத்தில் 16 போதும் என்பது நம் நாட்டில் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. பிறந்தது முதல் விற்கும்வரை ஒரே மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவர் கடைசி இரண்டு மாதமும் நாற்றத்தை விலை கொடுத்து வாங்குகிறார்.

மூன்றாவது, நார்ச்சத்து. கோதுமைத் தவிடு, சோயாத் தோல், மரவள்ளித் திப்பி போன்றவற்றிலுள்ள நார் பன்றியின் பெருங்குடலில் புளிக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் நைட்ரஜனைத் தம் உடம்பில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் சிறுநீரில் போகவேண்டிய நைட்ரஜன் சாணத்தில் போகிறது. சாணத்தில் கட்டுண்ட நைட்ரஜன் எளிதில் பறப்பதில்லை. கழிவின் புளிப்புத் தன்மையும் கூடுவதால் அம்மோனியா அடங்குகிறது. சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகளில் கழிவாகும் திப்பி இங்கு ஒரு நல்ல பொருள். ஆனால் நார் மிகுந்தால் தீவனம் செரிப்பது குறையும். செரியாத பொருள் குழியில் தேங்கி மீத்தேன் என்னும் எரிவாயுவை மிகுதியாகத் தரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 27 மடங்குக்கு மேல் வலியது. ஒரு வாயுவை அடக்கி மற்றொன்றை அவிழ்த்துவிடுவது அறிவுடைமை ஆகாது. மீத்தேனைச் சாண எரிவாயுக் கலனில் பிடித்து அடுப்பெரிப்பதே முறை.

நான்காவது, கந்தகம். தாமிர சல்பேட்டு, இரும்பு சல்பேட்டு ஆகிய தாது உப்புகளை அளவுக்கு மீறிச் சேர்த்தாலும், குடிநீரில் சல்பேட்டு மிகுந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் கூடும். தானியத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகள் பெருகியபின் அவற்றின் உலர்ந்த வடிகட்டுச் சக்கை மலிவான தீவனமாகச் சந்தைக்கு வந்திருக்கிறது. அதில் புரதம் உண்டு, லைசின் குறைவு, கந்தகமோ மிகுதி. விலை மலிவு என்று மூட்டை மூட்டையாய் வாங்குமுன் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

எச்சில் உணவு பற்றி

ஓட்டல் மிச்சத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஏனெனில் நம்மில் பன்றி வளர்ப்போர் பலருக்கும் அதுவே தீவனம். செலவில்லாத தீவனம் என்று எண்ணுகிறோம். அதில் ஒரு நாள் சோறு, மறுநாள் மீன் குடல், அதற்கு மறுநாள் எண்ணெயும் உப்பும். புரதத்தின் அளவு யாருக்கும் தெரியாது. மீன், இறைச்சிக் கழிவுகளில் கந்தகம் அடங்கிய அமினோ அமிலங்கள் மிகுதி. கொட்டிலுக்கு வந்து சேருமுன்னரே அவை அழுகத் தொடங்கிவிடுகின்றன. எனவே நாற்றம் பன்றியின் வயிற்றில் தொடங்குவதில்லை, குடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

நோயும் குடத்தில் வரும். 2001இல் இங்கிலாந்தில் பரவிய கோமாரி நோய், கொதிக்க வைக்காத மிச்ச உணவைப் பன்றிகளுக்கு இட்ட ஒரு பண்ணையிலிருந்து தொடங்கியதாகக் கண்டறிந்து, அவ்வாண்டே அந்நாட்டில் அவ்வழக்கத்தைத் தடை செய்தார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்டது. அது மனிதரைத் தாக்காது; ஆனால் வந்த கொட்டிலைக் காலி செய்துவிடும்; அதற்கு மருந்து இல்லை. பன்றி இறைச்சித் துண்டு கலந்த மிச்ச உணவு அது பரவும் வழிகளுள் ஒன்று. ஆகவே மிச்ச உணவை இடுவதானால் அன்றே கொண்டுவந்து, இறைச்சியையும் மீனையும் நீக்கி, அரைமணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வைத்து, தவிட்டோடும் தானியத்தோடும் அளந்து கலந்து இடவேண்டும்.

செங்கற்பட்டை அடுத்த காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகப் பன்றி ஆராய்ச்சி செய்து வருகிறது. வெள்ளை யார்க்ஷயர் இனத்தையும் அதன் கலப்பினத்தையும் நம் வெயிலுக்கு ஏற்ப வளர்க்கும் முறைகளை அங்கே நேரில் காணலாம். இப்பல்கலைக்கழகம் 1989இல் தோன்றியது. அதன் வேர் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. நம் பிள்ளைகள் அங்கே பயிற்சி பெறுவோராக மட்டும் அல்லாமல், ஆராய்ச்சி செய்வோராகவும் செல்லவேண்டும் என்பது என் ஆசை.

தீவனம் மட்டும் போதுமா?

போதாது. தீவனம் நாற்றத்தின் மூலப்பொருளைக் குறைக்கும். மிஞ்சியதைத் தரையும் குழியும் பார்த்துக்கொள்ள வேண்டும். தரை சரிவாக இருந்து சிறுநீர் உடனே வாய்க்காலில் ஓடிவிட்டால் சாணத்தோடு கலக்கும் நேரம் குறையும். சாணத்தை நாள்தோறும் அள்ளவேண்டும். கடலைத் தோலையும் உமியையும் பரப்பினால் ஈரத்தை உறிஞ்சும், எருவாகவும் பயன்படும். மெருகில்லாத செங்கல் தரை சிறுநீரைக் குடித்துக்கொண்டு ஆண்டு முழுவதும் நாறும். பீங்கான் தொழில் பயின்ற நம் இளைஞர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மெருகேறிய பரப்பில் நுண்துளை இல்லை, ஆதலால் அது சிறுநீரைக் குடிப்பதில்லை. தீவனத் தொட்டிக்கும் கழிவு வாய்க்காலுக்கும் அத்தகைய பரப்பு ஏற்றது. ஆனால் பன்றி நிற்கும் தரைக்கு அது ஆகாது. வழுக்கிக் கால் ஒடியும்.

மூக்கை ஏமாற்றும் வாயு

இளைஞர்களே, இனி நான் சொல்லப்போவதை மட்டுமாவது மறவாமல் கேளுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் 100 பங்கைத் தொட்டவுடன் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். ‘நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்’ என்று மனிதன் எண்ணும் நேரமே அவனுக்கு ஆபத்தான நேரம். 500க்கு மேல் மயக்கம். 1000த்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் உயிர் போகும். அசையாமல் கிடக்கும் கழிவைக் கிளறும்போது, கரைந்திருந்த வாயு ஒரே நேரத்தில் பொங்கி எழும். வீழ்ந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் வீழ்வது இதனால்தான்.

பன்றிக் கழிவுக் குழியில் இருக்கும் இதே வாயுதான் மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் இருக்கிறது. அங்கே இறங்கி மாண்டவர்கள் யார் என்பதை இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. 1993 முதல் தொகுத்து நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் 200க்கும் மேற்பட்ட உயிர்கள். மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்த பின்னும் சாவு நிற்கவில்லை. எந்தக் குழியானாலும், எவர் கட்டளையிட்டாலும், எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும் இறங்காதீர்கள். வாயுவின் இயல்பை அறிந்தவன் தன் உயிரையும் காப்பான். இறங்கச் சொல்பவனிடம் சட்டத்தையும் காட்டுவான். இதற்குத்தான் கல்வி.

நாற்றம் யார் வாசலில்?

வேறொரு நாட்டின் செய்தியையும் கேளுங்கள். அமெரிக்காவில் வட கரோலினா என்னும் மாநிலத்தில் பெரும் பெரும் பன்றிப் பண்ணைகள் உள்ளன. அவற்றின் கழிவு திறந்த குளங்களில் தேக்கப்படுகிறது. அப்பண்ணைகள் ஏழைகளும் வெள்ளையர் அல்லாதாரும் வாழும் பகுதிகளிலேயே மிகுந்திருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. 2018 செப்டம்பரில் புளோரன்ஸ் புயல் கொட்டிய மழையில் குளங்கள் பல நிரம்பி வழிந்தன. நாற்றத்தால் தம் வீட்டு முற்றத்தில் அமர முடியவில்லை என்று பண்ணையின் அண்டை வீட்டார் தொடுத்த வழக்குகளில் அவ்வாண்டு தீர்ப்பு மக்கள் பக்கம் கிடைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

எந்த ஊராயினும், எந்த நாடாயினும், நாற்றத்தைத் தள்ளிவிட வேண்டுமானால் தாழ்த்தப்பட்டவன் வாசலே நினைவுக்கு வருகிறது. பின்பு அவன் வாசல் நாறுகிறது என்று அவனையே பழிக்கிறார்கள். ஊரின் குப்பைமேடு எங்கே இருக்கிறது, சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று நம் ஊர்களைச் சுற்றிப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும். இந்நிலையில் நம் இளைஞரே காலனிக்குள் ஒரு கொட்டிலைப் போட்டால், பிறர் நமக்குச் செய்த தீங்கை நாமே நமக்குச் செய்தவர்களாவோம்.

இரு நியாயங்களுக்கும் என் விடை

அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடு மாநாட்டில், செத்த மாட்டிறைச்சியையும் பிறர் எறியும் எச்சிலையும் விட்டொழிக்குமாறு நம் மக்களை வேண்டினார். பெரியவர் என்னிடம் கேட்டது அந்த மரபில் வந்த கேள்வி. அதை நான் தலைவணங்கி ஏற்கிறேன். பிறப்பின் பெயரால் நம்மீது சுமத்தப்பட்ட எந்தத் தொழிலும் நமக்கு வேண்டியதில்லை.

ஆனால் ஒரு தொழிலைச் சுமப்பது வேறு, தேர்ந்துகொள்வது வேறு. இன்று நகரத்திலே பணம் படைத்தோர் பன்றிப் பண்ணை வைக்கிறார்கள். 2021-22இல் திருத்தி அமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கும் 50 விழுக்காடு மூலதன மானியம் அறிவிக்கப்பட்டது. அவர்கள் செய்தால் தொழில், நாம் செய்தால் இழிவு என்னும் நிலையை அறிவால் மட்டுமே மாற்றமுடியும்.

எனவே அந்த நான்கு இளைஞர்களுக்கும் சங்கம் பரிந்துரைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் நான்கு நிபந்தனைகள் உண்டு. ஒன்று: கொட்டில் காலனிக்குள் இருத்தல் ஆகாது, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தொலைவில், காற்று ஊரை நோக்கி வீசாத திசையில் அமையவேண்டும். இரண்டு: நாள்தோறும் இட்ட தீவனத்தின் பெயர், எடை, புரத அளவு ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதவேண்டும், மாதம் ஒரு முறை அதைச் சங்கம் பார்க்கவேண்டும். மூன்று: கழிவு மூடிய சாண எரிவாயுக் கலனுக்கே செல்லவேண்டும், எக்காரணம் கொண்டும் மனிதர் எவரும் அதற்குள் இறங்குதல் கூடாது. நான்கு: கொட்டில் வேலைக்காக ஒரு பிள்ளையின் பள்ளிப் படிப்பும் நிற்கக்கூடாது. இந்நான்கையும் அவர்கள் ஏற்றால், பெரியவரும் மனம் இசைவார் என்று நம்புகிறேன்.

என் அன்னையார் இன்று இல்லை. அவர் சுமந்த குடத்தில் என்ன இருந்தது, அது ஏன் நாறியது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு வாய்ப்பில்லாமற் போயிற்று. அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொன்னேன். நாளை உங்கள் பிள்ளையைப் பார்த்து எவனாவது மூக்கைப் பொத்தினால், அப்பிள்ளை வீட்டுக்கு வந்து மூன்று முறை குளிக்கக்கூடாது. நாற்றம் எதிலிருந்து பிறக்கிறது என்று நிமிர்ந்து நின்று விளக்கும் ஆற்றல் அதற்கு வேண்டும். அந்த ஆற்றலைத் தருவதே இச்சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணியாகட்டும்.